அரசு நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் நாட்டுப்புறக் கலைக்குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெருக்கூத்து ஜமாக்கள் எனப்படும் கூத்துக் குழுக்களுக்கும் பறையாட்டக் குழுக்களுக்கும் சில ஆண்டுகளாக விண்ணப்பம் எழுத உதவிவருகிறேன். இந்தக் காலத்தில் நான் கண்டது, நல்ல கலைஞர்களின் விண்ணப்பங்கள் கலையின் குறையால் தள்ளப்படுவதில்லை என்பதே. நிதியுதவி கேட்கும் மனுவை ஒரு வேண்டுகோள் என்று எண்ணி எழுதிவிடுகிறார்கள். அது உண்மையில் ஒரு வாக்குறுதி. இன்று நாம் எழுதிக்கொடுக்கும் ஒவ்வொரு வரியும், பணம் செலவான பிறகு பில்லாகவும் ரசீதாகவும் புகைப்படமாகவும் நம்மிடமே திருப்பிக் கேட்கப்படும். ஆகவே கணக்கை ஒப்படைக்கும் நாளை மனத்தில் வைத்தே முதல் வரியை எழுத வேண்டும். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் நேர்பவை.

முதலில், எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதில் நேரும் பிழை. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் தனிக் கலைஞர்களுக்கு இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்க உதவித்தொகை அளிக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் உறுப்பினர்களின் கல்வி, திருமணம், விபத்து, ஓய்வு போன்ற வாழ்க்கைத் தேவைகளுக்கானது. தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையம் விழாக்களையும் பயிற்சிகளையும் தானே நடத்துகிறது. மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் கலா சன்ஸ்கிருதி விகாஸ் யோஜனா என்ற பெருந்திட்டத்துக்குள், குருவுக்கும் சீடர்களுக்கும் மாத மதிப்பூதியம் தரும் பிரிவு ஒன்று. விழா, பயிலரங்கு, புதிய தயாரிப்பு ஆகியவற்றுக்கு உதவும் பிரிவு மற்றொன்று. பயிற்சிப் பட்டறை நடத்தப் பணம் வேண்டும் என்று நல வாரியத்துக்கு எழுதிவிட்டு ஓராண்டு காத்திருந்த குழுவை நான் அறிவேன். திட்ட வழிகாட்டியை முழுவதும் படிக்க இரண்டு மணி நேரம் ஆகலாம். அதைப் படிக்காமல் எழுதியதால் அவர்களுக்கு ஓராண்டு போயிற்று.

அடுத்து வருவது தாள்களின் சிக்கல். விழாவுக்கும் தயாரிப்புக்குமான மத்தியத் திட்டத்தில், அமைப்பு பதிவாகிக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். பரம்பரையாக அறுபது ஆண்டுகள் ஆடிவரும் ஜமாவாக இருந்தாலும், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படியோ அறக்கட்டளையாகவோ பதிவு பெறாதிருந்தால் அந்த அறுபது ஆண்டுகள் கணக்கில் வரா. அதைவிடக் கொடுமையானது பதிவு செய்துவிட்டு மறந்துவிடுவது. ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டிய வரவு செலவுக் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் நான்கைந்து ஆண்டுகள் நிலுவையில் கிடக்கும். இறந்துபோன பொருளாளரின் பெயர் வங்கிக் கணக்கில் அப்படியே இருக்கும். பதிவுச் சான்றிதழில் ‘கலைக்குழு’ என்றும், பான் அட்டையில் ‘நாடக மன்றம்’ என்றும், வங்கிப் புத்தகத்தில் ஜமாவை நடத்தும் ஆசிரியரான வாத்தியாரின் சொந்தப் பெயரும் இருந்தால், தன்னார்வ அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் அமைப்பைப் பதிவதும், அரசுப் பணம் வந்து சேரும் பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் வங்கிக் கணக்கை இணைப்பதும் தடைபட்டு நிற்கும். அறிவிப்பு வந்த பிறகு இவற்றைச் சரிசெய்ய ஓடினால் கடைசித் தேதி கடந்துவிடும். கூத்து இல்லாத மாதங்களில், அறிவிப்பு எதுவும் வராதபோதே முடித்து வைக்க வேண்டிய வேலை இது.

விண்ணப்பத்தின் உள்ளடக்கத்துக்கு வருவோம். நான் படிக்கும் வரைவுகளில் முதல் இரண்டு பக்கங்கள் பெரும்பாலும் கலையின் பெருமையைப் பாடுவனவாகவே இருக்கின்றன: தொன்மையானது, தமிழரின் அடையாளம், அழிந்துவருகிறது, காக்கப்பட வேண்டும். இவை பொய்யல்ல. ஆனால் இதே வரிகள் எல்லா விண்ணப்பங்களிலும் இருக்கின்றன. பரிசீலிக்கும் வல்லுநர் குழுவில் இருப்பவர்களுக்குத் தெருக்கூத்தின் பழமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதும் இல்லை. அவர்களுக்குத் தெரியாதது உங்கள் ஊர். உங்கள் ஜமா வடக்கத்திப் பாணியில் ஆடுவதா, தெற்கத்திப் பாணியில் ஆடுவதா. கர்ண மோட்சக் கூத்தை விடியவிடிய முழுமையாக ஆடத் தெரிந்தவர் இன்று உங்களுள் எத்தனை பேர். முகவீணை என்ற குழல் கருவியை வாசிக்க ஒருவரே எஞ்சியிருக்கிறார் என்றால் அவருக்கு வயது என்ன, அவரிடம் கற்க யார் தயாராக இருக்கிறார்கள். கல்யாண முருங்கைக் கட்டையில் கிரீடமும், தோளில் அணியும் புஜக்கட்டையும் செதுக்கும் ஆசாரி பக்கத்தில் இருக்கிறாரா, இல்லை எத்தனை ஊர் தாண்டிப் போக வேண்டும்? இப்படிப்பட்ட நான்கு செய்திகள் ஒரே பத்தியில் இருந்தால், இந்தப் பணம் எங்கே போய்ச் சேரும், அது இல்லாவிட்டால் எது நின்றுபோகும் என்பது படிப்பவருக்கு விளங்கிவிடும்.

கூத்துக் குழுக்களுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. வட மாவட்டங்களில் பாரதக் கூத்து திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவோடு பிரிக்க முடியாதபடி இணைந்தது. கலைஞர்கள் அதைத் தனியாகப் பார்ப்பதில்லை, பார்க்கவும் தேவையில்லை. ஆனால் மத்தியத் திட்டத்தின் விதிகள் சமய நிறுவனங்களாக இயங்கும் அமைப்புகளுக்கு உதவி இல்லை என்கின்றன. கொடியேற்றம், தீமிதி, அன்னதானம், கூத்து எல்லாவற்றையும் ஒரே செலவுப் பட்டியலில் எழுதி, கோயில் நிர்வாகக் குழுவின் பெயரில் அனுப்பினால், கலைக்கான விண்ணப்பம் கோயில் விழாவுக்கான விண்ணப்பமாகத் தோன்றிவிடும். கலைச் செயல்பாடு எது என்பதைத் தனியே வரையறுத்து, அதற்குரிய செலவை மட்டும் கேட்க வேண்டும். திருவிழாவோடு உள்ள உறவை மறைக்க வேண்டியதில்லை. சூழலாக ஓரிரு வாக்கியத்தில் சொன்னால் போதும்.

பணக் கணக்கில்தான் அதிகம் நிற்க வேண்டியிருக்கிறது. பலர் திட்ட வழிகாட்டியில் ஐந்து லட்சம் என்ற உச்சவரம்பைப் பார்த்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிப் பிரித்துச் செலவுகளை எழுதுகிறார்கள். ‘உணவு, போக்குவரத்து, இதர செலவுகள் - 1,50,000’ என்ற வரியைப் பார்த்தவுடனே வல்லுநர் குழுவுக்கு அது புரிந்துவிடும். அலகு விலையிலிருந்து மேல்நோக்கிக் கூட்டுவதே முறை. எடுத்துக்காட்டாக, 15 இளைஞர்களுக்கு 40 நாள் கூத்துப் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். வாத்தியாருக்கு நாளொன்றுக்கு 1,000 வீதம் 40,000 ரூபாய், பக்கவாத்தியக்காரர் இருவருக்குத் தலா 700 வீதம் 56,000, பயிற்சியாளர், மாணவர், சமையல்காரர், ஒருங்கிணைப்பாளர் எனச் சாப்பிடுவோர் 20 பேருக்கு நாளொன்றுக்குத் தலா 100 வீதம் 80,000, கட்டை அணிகலன் ஐந்து தொகுதி, தொகுதி 12,000 வீதம் 60,000, நிறைவு நாள் கூத்துக்குப் பந்தல், விளக்கு, ஒலிபெருக்கி 35,000, வண்டிச் செலவு 9,400, ஒளிப்பதிவு 18,000. மொத்தம் 2,98,400 ரூபாய். இதில் எந்த எண்ணைச் சுட்டிக் கேட்டாலும் அது எப்படி வந்தது என்று வாத்தியாரே விடை சொல்ல முடியும்.

இந்த மொத்தம் அப்படியே அரசிடமிருந்து வந்துவிடும் என்று நம்புவது அடுத்த தவறு. என் அனுபவத்தில் ஜமாக்களைக் கடனில் தள்ளியதும் இதுதான். செலவில் நான்கில் மூன்று பங்கை மட்டும் அரசு ஏற்கும் என்ற விதி இருந்தால், மேற்சொன்ன கணக்கில் அரசின் பங்கு 2,23,800; குழுவின் பங்கு 74,600. அரசின் பங்கும் ஒரே தவணையில் வருவதில்லை. முதலில் 75 விழுக்காடு, மீதி நிகழ்வு முடிந்து கணக்கு கொடுத்த பிறகு என்றால், கையில் முதலில் வருவது 1,67,850 மட்டுமே. ஆகப் பயிற்சியின் கடைசி நாளுக்குள் குழு தன் கையிலிருந்து புரட்ட வேண்டிய தொகை 1,30,550 ரூபாய். அதில் 55,950 பின்னால் திரும்பி வரும். ஆனால் எப்போது வரும் என்று நாள் குறிக்க முடியாது. வட்டிக்கு வாங்கி இதைச் சமாளித்தால் அந்த வட்டியைத் திட்டச் செலவில் காட்ட இயலாது. ஊர்ப் பொதுப்பணம், பயிற்சியிடத்தை இலவசமாகத் தரும் பள்ளி, அரிசி தர ஒப்புக்கொண்டவர்கள் என்று தன் பங்கு எங்கிருந்து வரும் என்பதை மனு எழுதும் முன்பே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பொருளாக வருவது குழுவின் பங்கில் கணக்காகுமா என்பதை அந்தந்தத் திட்டத்தின் வழிகாட்டியில் பார்த்துக்கொள்வதும் அவசியம். முடியாதென்று தோன்றினால் 40 நாளை 25 நாளாகச் சுருக்கிக் கேட்பதில் எந்த இழிவும் இல்லை.

காலத் திட்டத்திலும் இதே கவனம் வேண்டும். கூத்துக்காரர்களுக்குப் பங்குனி முதல் ஆடி வரை இரவுகள் அவர்களுடையவை அல்ல. அந்த மாதங்களில் பயிற்சி என்று தேதி போட்டுக் கொடுத்தால் வாத்தியார் பகலில் தூங்கி வழிவார், அல்லது பயிற்சி தாளில் மட்டும் நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஒப்புதல் எந்த மாதத்தில் வரும் என்பதும் நம் கையில் இல்லை. ஆகவே ‘நவம்பர் 10 முதல்’ என்று எழுதுவதைவிட, முதல் தவணை கிடைத்த எத்தனையாவது வாரத்தில் என்ன நடக்கும் என்று எழுதி, கூத்துப் பருவம் குறுக்கிட்டால் என்ன செய்வோம் என்பதையும் ஒரு வரியில் சேர்ப்பது நல்லது. ஒப்புதல் ஆணை வரும் முன் செய்த செலவை இந்தக் கணக்கில் சேர்க்கலாம் என்று எண்ணி இறங்கிவிடக் கூடாது.

இப்போது சொல்லப்போவது எனக்கு மிகுந்த வருத்தம் தந்த ஒன்று. ஒரு ஜமாவுக்குப் பணம் வந்த பிறகுதான், தங்கள் பெயரில் என்ன வாக்களிக்கப்பட்டிருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரிந்தது. நகரத்தைச் சேர்ந்த ஓர் இடைத்தரகர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் இரண்டு நாள் கருத்தரங்கும், ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பும், மாவட்டம் முழுதும் 20 பள்ளிகளில் நிகழ்ச்சியும் இருந்தன. வாத்தியார் கையெழுத்திட்டபோது இவற்றை யாரும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. வந்த பணத்தில் ஒரு பங்கையும் அந்த இடைத்தரகர் பெற்றுக்கொண்டார். அதற்கு ரசீது ஏது? கணக்கு ஒப்படைக்க முடியாமல் அந்தக் குழு இன்றுவரை வேறெங்கும் விண்ணப்பிக்க இயலாமல் இருக்கிறது. விழுக்காட்டுக்கு விண்ணப்பம் எழுதித் தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம். ஆங்கிலத்தில் எழுத ஆள் தேவைப்பட்டால், ஊரில் கல்லூரியில் படிக்கும் பிள்ளையை உட்கார வைத்து, முதலில் தமிழில் எல்லாரும் கூடிப் பேசி முடிவுசெய்து, அதை மொழிபெயர்த்து, மறுபடி தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, அதன்பின் தீர்மானப் புத்தகத்தில் பதிந்து கையெழுத்திடுங்கள். மாணவர் பட்டியலில் பெயர் சேர்க்கப்படும் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் பெறுவதும் இதோடு சேர்ந்தது.

ஒரே வேலைக்கு இரண்டு இடங்களில் கேட்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, அதே நோக்கத்துக்கு வேறு அமைச்சகத்திடமோ மாநில அரசிடமோ நிதி பெறவில்லை, விண்ணப்பிக்கவும் இல்லை என்று அமைப்பு சான்றளிக்க வேண்டும். அணிகலனுக்கு மாநிலத்திடமும் பயிற்சிக்கு மத்திய அரசிடமும் கேட்டிருந்தால், இரண்டின் எல்லையையும் தெளிவாகப் பிரித்து எழுத வேண்டும். மறைத்துக் கையொப்பமிடுவது பொய்ச் சான்று ஆகிவிடும்.

பணம் வந்த பின் நேரும் தவறுகள் அடுத்த விண்ணப்பத்தைக் கெடுப்பவை. பணம் எதற்குச் செலவானது என்று காட்டும், 12-ஏ படிவத்திலான பயன்பாட்டுச் சான்றிதழை நிதியாண்டு முடிந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் தர வேண்டும் என்பது விதி. அதைக் கடைசி மாதத்தில் ஆடிட்டரிடம் கொண்டுபோய்க் கொட்டினால், கலைஞருக்குக் கையில் கொடுத்த பணத்துக்கு வவுச்சர் இருக்காது, சமையல் சாமான் பில்லில் தேதி இருக்காது. அரசுப் பணத்துக்கு வங்கியில் சேர்ந்த வட்டி குழுவுக்கு உரியதல்ல. அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும். திட்டப் பணத்தில் வாங்கிய கிரீடமும் மிருதங்கமும் எந்தத் தனி ஆளின் சொத்தும் அல்ல. அவற்றுக்கென ஒரு பதிவேடு வைத்து, யார் வீட்டில் இருக்கிறது என்பதைக் குறித்துவர வேண்டும். ஜமா இரண்டாகப் பிரியும் நாளில் அந்தப் பதிவேட்டின் அருமை தெரியும்.

விண்ணப்பம் தள்ளப்பட்டால் அத்தோடு விட்டுவிடுவதும் ஒரு தவறுதான். காரணம் சொல்லப்பட்டிருந்தால் அதை மட்டும் திருத்தி அடுத்த அறிவிப்பில் மறுபடி அனுப்பலாம். சொல்லப்படாவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு மத்திய அமைச்சகத்துக்கு எழுதி, தங்கள் விண்ணப்பம் குறித்த குறிப்புகளையும் முடிவையும் கேட்கலாம். பதில் தர அவர்களுக்கு 30 நாள் உண்டு. அதற்காகவேனும் அனுப்பிய மனுவின் முழு நகலையும் விண்ணப்ப எண்ணையும் வாத்தியார் வீட்டுப் பெட்டியில், கூத்து நோட்டுகளோடு சேர்த்து வைத்திருங்கள்.