பியானோ ஷோரூமுக்கு முதல் தடவை போறீங்களா? எதை எப்படி வாசிச்சுப் பார்க்கணும்னு ஒரு செய்முறை

நிறைய பேர் பியானோ ஷோரூமுக்குள்ள போயிட்டு கையைக் கட்டிக்கிட்டே சுத்திட்டு வந்துடறாங்க. எனக்குத்தான் வாசிக்கவே தெரியாதே, தொட்டா ஏதாவது சொல்லுவாங்களோன்னு ஒரு கூச்சம். அப்புறம் கடைக்காரர் வந்து நாலு பியானோல விறுவிறுன்னு வாசிச்சுக் காட்டுவாரு, நல்லா பழகின கை அது, எல்லாமே பிரமாதமாத்தான் கேக்கும், கடைசில எது பளபளன்னு இருக்கோ அதுலயே மனசு நின்னுடும். வீட்டுக்கு வந்தப்புறம் அதை தினமும் வாசிக்கப்போறது நீங்க, அதனால விரல் வச்சுப் பார்க்கவேண்டியதும் நீங்கதான். ஒரு பாட்டுகூட முழுசா தெரியாதவங்களும் பியானோவைப் பத்தி நிறைய கண்டுபிடிக்கலாம், மெதுவா, சத்தம் கம்மியா வாசிச்சுப் பார்த்தாலே முக்கால்வாசி விஷயம் வெளிய வந்துடும்.

கிளம்பறதுக்கு முன்னாடி

நகத்தை வெட்டிக்கோங்க. சனி ஞாயிறு சாயங்காலம் வேண்டாம், வார நாள்ல காலையில போங்க, கூட்டம் இருந்தா மெல்லிசா வாசிக்கறது உங்களுக்கே கேக்காது. டிஜிட்டலும் பார்க்கறதா இருந்தா உங்க ஹெட்ஃபோனையே எடுத்துட்டுப் போங்க. பியானோ வைக்கப்போற இடத்தையும் மாடிப்படி, லிஃப்ட் அகலத்தையும் அளந்து போன்ல குறிச்சு வச்சுக்கோங்க, ஏன்னா யமஹா யூ1 மாதிரி, சுவரோரமா நிமிர்ந்து நிக்கற ஒரு சாதாரண அப்ரைட் பியானோவே 121 செ.மீ. உயரம், ஒன்றரை மீட்டர் அகலம், 220 கிலோவுக்கு மேல எடை.

சென்னைக்காரங்களுக்கு அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் தெரிஞ்சிருக்கும், 1842-ல ஆரம்பிச்ச கடை, லண்டன் டிரினிட்டி காலேஜோட மியூசிக் எக்ஸாம் எழுதற பசங்களுக்கு நல்லா பழக்கமான பேரு. எந்த ஊர்ல எந்தக் கடைக்குப் போனாலும், "வாசிச்சுப் பார்க்கலாங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு உக்காருங்க, வேண்டாம்னு யாரும் சொல்றதில்ல.

என்ன வாசிக்கறது?

எல்லா பியானோலயும் ஒரே விஷயத்தை வாசிக்கணும், அப்பதான் ஒப்பிட முடியும். பாட்டு தெரிஞ்சா அதுல நாலு வரி போதும். எதுவுமே தெரியலையா, சின்ன வயசுல பாட்டு கிளாஸ் போயிருந்தா சரளி வரிசை கண்டிப்பா ஞாபகம் இருக்கும், அதையே வாசிங்க. மிடில் சி-யை, அதாவது கட்டை வரிசைக்கு நடுவுல வர்ற சி-யை, ச-வா வச்சுக்கிட்டா ரி-யும் த-வும் கறுப்புக் கட்டைல வரும், மத்தது எல்லாம் வெள்ளை. மாயாமாளவகௌளைங்கறதால ரெண்டு வகைக் கட்டையையும் விரல் தொட்டுடும், பியானோவை சோதிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியல.

முதல்ல அப்ரைட்

ஸ்டூல் உயரத்தை சரி பண்ணுங்க, முழங்கை கட்டைக்கு நேரா வரணும். இதை விட்டுட்டு வாசிச்சா எந்த பியானோவும் கையை வலிக்க வைக்கும், பழியை பியானோ மேல போட்டுடுவோம்.

இப்ப இடது கோடில இருந்து வலது கோடி வரைக்கும் 88 கட்டையையும் ஒண்ணொண்ணா, அவசரமே இல்லாம அழுத்திட்டே போங்க. போர் அடிக்கற வேலைதான், ஆனா தாண்டிப் போகாதீங்க. எங்கயாவது கரகரன்னு அதிர்வு வருதா, ஒரு கட்டை மட்டும் மந்தமா கேக்குதா, அழுத்தினது மேல வர லேட் ஆகுதான்னு கவனிங்க. நடுவுலயும் மேலயும் ஒரு ஸ்வரத்துக்கு மூணு கம்பி இருக்கும், மூணுல ஒண்ணு ஸ்ருதி இறங்கியிருந்தா சத்தம் நேரா நிக்காம அலை அலையா ஆடும். இது டியூனிங்ல சரியாகிடும், பயப்பட வேண்டாம், ஆனா டியூன் பண்ணாத பியானோவை வச்சு முடிவு எடுக்காதீங்க, "டியூன் பண்ணி வைங்க, இன்னொரு நாள் வரேன்"னு தைரியமா சொல்லலாம்.

இடது பக்கம் தாமிரம் சுத்தின தடிமனான கம்பி, அது முடிஞ்சு சாதா எஃகு கம்பி ஆரம்பிக்கற இடம் ஒண்ணு வரும், அங்க நல்லா காதைக் குடுங்க. விலை கம்மியான சின்ன பியானோல அந்த எல்லைல குரலே மாறின மாதிரி இருக்கும், நல்ல பியானோல எங்க தாண்டினோம்னே தெரியாது.

வலது கோடில கட்டையை விட்டப்புறமும் சத்தம் நிக்காம ஒலிக்குதேன்னு சிலர் பதறுவாங்க, அது கோளாறு இல்ல, அங்க கம்பி சின்னது, சத்தம் தானா சீக்கிரம் அடங்கிடும், அதனால எல்லா பியானோலயும் அந்தக் கடைசிக் கட்டைகளுக்கு சத்தத்தை அடக்கற டாம்பரே கிடையாது.

மெல்லிசா வாசிக்கற சோதனை

இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், இங்க எவ்வளவு நேரம் ஆனாலும் பரவால்ல. ஓங்கி வாசிச்சா எல்லா பியானோவும் கணீர்னுதான் இருக்கும். சரளி வரிசையை பக்கத்துல குழந்தை தூங்குதுன்னு நினைச்சுக்கிட்டு வாசிங்க. சில பியானோல பாதி ஸ்வரம் காணாமப் போகும், சிலதுல மெதுவா அழுத்தினாலும் திடீர்னு ஒண்ணு மட்டும் துருத்திக்கிட்டு வரும். எட்டு ஸ்வரமும் ஒரே அளவுல, நீங்க நினைச்ச அளவுல வந்துச்சுன்னா, கட்டையை அழுத்தினா கம்பியை அடிக்க வைக்கற உள் இயந்திரம், அதாவது அந்த பியானோவோட ஆக்‌ஷன் நல்லா செட் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். மெல்லிசா வாசிக்க ஒத்துழைக்காத பியானோல புதுசா கத்துக்கறவங்க தன்னையறியாம எப்பவும் ஓங்கி அடிக்கப் பழகிடுவாங்க, அந்தப் பழக்கத்தை அப்புறம் மாத்தறது ரொம்ப கஷ்டம்.

அடுத்து ஒரே கட்டையை ரெண்டு விரலால மாத்தி மாத்தி வேகமா தட்டுங்க. அப்ரைட்ல கட்டை கிட்டத்தட்ட முழுசா மேல வந்தாத்தான் அடுத்த அடி விழும், கம்பியெல்லாம் படுத்த மாதிரி இருக்கற கிராண்ட் பியானோல பாதி வந்தாலே போதும். எரார்ங்கற பியானோ கம்பெனி 1821-ல காப்புரிமை வாங்கின டபுள் எஸ்கேப்மெண்ட் அமைப்பு அதுக்குத்தான்.

பெடல்

வலது பெடலை அழுத்தி விடுங்க, கிறீச்னு சத்தம் வரக்கூடாது. இடது பெடல் அப்ரைட்ல ஹேமரை, அதாவது கம்பியை அடிக்கற குட்டிச் சுத்தியலை, கம்பிக்குக் கிட்ட கொண்டு வரும். கிராண்ட்ல அதையே அழுத்தினா மொத்த கட்டை வரிசையும் லேசா பக்கவாட்டுல நகரும், கண்ணாலயே பார்க்கலாம். நிறைய அப்ரைட்ல நடு பெடல் ஹேமருக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு ஃபெல்ட் துணியை இறக்கும், அபார்ட்மெண்ட்ல இருக்கறவங்களுக்கு ராத்திரி ரொம்ப உதவும்.

கிராண்ட் வாங்கப்போறதில்லைன்னாலும்

உக்காந்து வாசிங்க, ப்ளீஸ். ஒரு கட்டையை சத்தமே வராத அளவுக்கு ரொம்ப ரொம்ப மெதுவா அழுத்துங்க, அடி தொடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி விரல்ல லேசா ஒரு தடை தட்டுப்படும், அந்த இடத்துலதான் ஹேமர் உங்க கையை விட்டுப் பிரிஞ்சு தானா கம்பியை நோக்கிப் போகுது. இது ஒரு தடவை விரலுக்குத் தெரிஞ்சுட்டா மத்த பியானோவை எடை போடறது சுலபமாகிடும்.

ஆனா கிராண்ட்ங்கற பேருக்காக 150 செ.மீ. குட்டி கிராண்டை எடுத்துடாதீங்க. 131 செ.மீ. உயரமான ஒரு நல்ல அப்ரைட்டோட பேஸ், அதாவது இடது பக்கத்து கனமான சத்தம், அதைவிட நிறைவா இருக்க வாய்ப்பு உண்டு, ரெண்டையும் அடுத்தடுத்து வாசிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

டிஜிட்டல்

முதல் வேலை ரிவெர்ப்பை, அதாவது எதிரொலி எஃபெக்ட்டை, ஆஃப் பண்ணச் சொல்றது. ஷோரூம்ல பெரும்பாலும் அது ஆன்லயே இருக்கும், பெரிய ஹால்ல வாசிக்கற மாதிரி மயக்கிடும். வால்யூமை பாதில வச்சு அதே மெல்லிசான சோதனை. கட்டை 88 இருக்கான்னு மட்டும் பார்க்காதீங்க, நிஜ பியானோ மாதிரி கனம் தர்ற வெயிட்டட் ஹேமர் ஆக்‌ஷனான்னு கேளுங்க, இடது பக்கம் கொஞ்சம் கனமாவும் வலது பக்கம் லேசாவும் இருந்தா நல்லது. அப்புறம் ஒரு கட்டையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருங்க, சத்தம் எப்படிக் கரையுதுன்னு ஹெட்ஃபோன்ல கேளுங்க, இயல்பா தேயுதா இல்ல சட்டுன்னு வெட்டின மாதிரி முடியுதான்னு உடனே புரிஞ்சுடும்.

செகண்ட் ஹேண்டா இருந்தா

ஜப்பான்ல இருந்து வந்த பழைய யமஹா, கவாய் நம்ம ஊர்ல நிறைய கிடைக்குது, பல பியானோ உண்மையிலயே நல்லா இருக்கும். மேல் மூடியைத் திறக்கச் சொல்லுங்க. உள்ள இரும்புச் சட்டத்துல சீரியல் நம்பர் இருக்கும், அதை வச்சு எந்த வருஷம் செஞ்சதுன்னு கண்டுபிடிக்கலாம். ஹேமர் நுனில கம்பி பட்டு ஆழமா கோடு விழுந்திருக்கா, கம்பியை முறுக்கிப் பிடிக்கற டியூனிங் பின், கம்பியெல்லாம் துருப்பிடிச்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. இதுல மட்டும் உங்க காதை மட்டும் நம்பாதீங்க, டியூனிங் பின் பிடிப்பு விட்டுப்போயிருந்தா எத்தனை தடவை டியூன் பண்ணினாலும் ஸ்ருதி நிக்காது, அதை கையில டியூனிங் லீவர் வச்சிருக்கற டெக்னீஷியனாலதான் சொல்ல முடியும், காசு குடுத்தாவது ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க.

முடிவு பண்றப்போ

பிடிச்ச ரெண்டு மூணு பியானோவை போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க, கூட வந்தவங்களை வாசிக்கச் சொல்லிட்டு நீங்க முதுகைக் காட்டி நின்னு கேளுங்க, பிராண்டும் பாலிஷும் கண்ணுல படாதப்போ காது வேற ஒண்ணைத் தேர்ந்தெடுக்கறது சகஜம். அன்னிக்கே அட்வான்ஸ் குடுக்காம இன்னொரு நாள் போய் அதே பியானோவை மறுபடி வாசிங்க.

விலை பேசும்போது டெலிவரி, மாடி ஏத்தற கூலி, முதல் டியூனிங் மூணும் அதுல சேர்த்தியான்னு பில்லுல எழுதி வாங்குங்க. பியானோ வீட்டுக்கு வந்ததும் உடனே டியூன் பண்ணாதீங்க, மரம் நம்ம வீட்டு ஈரப்பதத்துக்குப் பழக ரெண்டு மூணு வாரம் விட்டுட்டு டியூனரைக் கூப்பிடுங்க, கடலோர ஊரா இருந்தா உள்ள ஈரத்தைக் குறைக்கற டீஹ்யூமிடிஃபயர் ராடு போடறதைப் பத்தியும் அன்னிக்கே அவர்கிட்ட கேட்டுடுங்க.