அழுக்குத் தண்ணிய ஃப்ரீசர்ல வச்சுப் பிரிக்கிறது எப்படி

ஆர்.ஓ மெஷின்ல இருந்து வெளிய போற ரிஜெக்ட் தண்ணி ஒரு லிட்டர் புடிச்சுக்கோங்க, அதுல ரெண்டு சொட்டு நீலம் விடுங்க, ஆமா வெள்ளை வேட்டிக்குப் போடுற அதே சொட்டு நீலம்தான். உப்பு கண்ணுக்குத் தெரியாது, நீலம் தெரியும், அழுக்கு எந்தப் பக்கம் ஓடுதுன்னு அதுவே காட்டிக்குடுத்துடும்.

தண்ணி உறையும்போது ஐஸ் படிகத்துக்குள்ள உப்புக்கும் சாயத்துக்கும் இடம் இல்ல, வெளிய தள்ளிடும். ஆனா மெதுவா உறையணும். அவசரமா உறைஞ்சா உப்புத்தண்ணி குட்டிக் குட்டி அறையா உள்ளயே மாட்டிக்கும்.

அதனால சும்மா டம்ளர்ல ஊத்தி வைக்காதீங்க, நாலு பக்கமும் குளிர் ஏறி நீலம் பூரா நடுவுல போய் மஞ்சக்கரு மாதிரி உக்காந்துக்கும், அதைத் தனியா எடுக்கிறதுக்குள்ள உயிர் போயிடும். ஒரு பிளாஸ்டிக் டப்பா எடுத்து சுத்தியும் அடியிலயும் தெர்மாகோல் வச்சு டேப் போட்டு ஒட்டிடுங்க, மூடி வேணாம். இப்போ குளிர் மேல இருந்துதான் இறங்கும், ஐஸ் மேல கட்டும், அழுக்கு அடியில சேரும்.

மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாருங்க. பாதி உறைஞ்சதும் எடுத்துடுங்க, ஆசைப்பட்டு விட்டா கெட்டுது. நான் மொத தடவை ராத்திரி வச்சுட்டுத் தூங்கிட்டேன், காலைல பாத்தா மொத்தமும் பாறாங்கல்லு, அடியில நீலமா ஒரு பட்டை, வீட்டுல மீன் வைக்க இடம் இல்லன்னு திட்டு வேற.

ஐஸ் ஓரத்துல ஸ்பூன் காம்பால ஒரு ஓட்டை போட்டு அடித்தண்ணிய வடிச்சுடுங்க. ஐஸ் மேல ஒட்டியிருக்கிற உப்புத்தண்ணி போக, ஃப்ரிட்ஜ்ல வச்ச நல்ல தண்ணி கொஞ்சம் விட்டு சட்டுனு ஒரு அலசு. அப்புறம் ஐஸை வடிகட்டில போட்டு உருக விடுங்க, மொதல்ல சொட்டுறதுலதான் உப்பு ஜாஸ்தி, அதைக் கொட்டிட்டு மிச்சத்தைப் புடிங்க. டிடிஎஸ் மீட்டரை, அதாவது தண்ணில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற கருவிய, ஜில்லுனு இருக்கும்போதே முக்காதீங்க, ரூம் சூட்டுக்கு வந்தப்புறம் பாத்தாதான் சரியா ஒப்பிட முடியும். இன்னும் கம்மியாகணும்னா அந்தத் தண்ணியையே திரும்ப உறைய வைங்க.

கரண்ட் கணக்கு கேப்பீங்க. ஒரு கிலோ தண்ணிய ஆவியாக்க 2257 கிலோஜூல் வேணும், உறைய வைக்க 334 எடுத்தாப் போதும், ஏழுல ஒரு பங்குதான். திருப்பூர் சாயப்பட்டறைங்க பக்கம் ஆர்.ஓ ரிஜெக்ட்டை எவாப்பரேட்டர்ல காய்ச்சுறதுக்கு ஆகுற செலவைப் பாத்தவங்களுக்கு இந்த நம்பரோட அருமை தெரியும். ஆனா பெரிய அளவுல ஐஸையும் உப்புத்தண்ணியையும் பிரிச்சு அலசுறதுலதான் தலைவலி, நம்ம ஃப்ரீசர்ல பண்றது வேடிக்கைக்குத்தான், லாபத்துக்கு இல்ல.

இதைக் குடிச்சுடாதீங்க, உறைஞ்சா கிருமி சாகும்னு நம்பவே கூடாது. செடிக்கு ஊத்துங்க. வடிச்ச அடித்தண்ணி மட்டும் செடிப்பக்கம் போகவே வேணாம், உப்புல பெரும்பங்கு அதுலதான் இருக்கு.