றங்குப் பெட்டியில் பழைய படம் கிடைத்தால் உடனே செய்யக்கூடாதவை

வீட்டுத்திட்டத்துக்காகப் பழைய கொட்டிலைப் பிரிக்கும்போதோ செத்தவீட்டுக்குப் பிறகு அறையை ஒதுக்கும்போதோ, றங்குப் பெட்டியின் (தகரப் பெட்டி) அடியில் பொலித்தீனில் சுற்றிய ஒரு கட்டுப் படம் அகப்படும். இலங்கையின் வடக்கில், வன்னியில் அது சின்ன விஷயம் இல்லை. போரில் 1996இலும் 2008-09இலும் ஓடிய ஓட்டத்தில் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் காப்பாற்றிய பலர் படங்களை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். அதனால் ஒன்று கையில் கிடைத்ததும் பதற்றத்தில் எதையாவது செய்துவிடுகிறோம்.

நானும் செய்தேன். முத்தையன்கட்டுப் பக்கம் உறவுக்காரர் வீட்டில் கிடைத்த கட்டைப் பாயில் கொட்டி, கலியாணப் படம் ஒரு பக்கம், பள்ளிக்கூடப் படம் ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டேன். ஒரே உறைக்குள் அடுத்தடுத்து இருந்தவை ஒரே பிலிம் சுருளில் எடுத்தவையாக இருக்கலாம், ஒன்றில் தெரியும் ஆளை வைத்து மற்றதைக் கண்டுபிடித்திருக்கலாம், இப்போது எது எதோடு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. கட்டை இருந்தபடியே முதலில் போனில் எடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக, வருகிற வரிசையில் பின்பக்க மூலையில் பென்சிலால் மெதுவாக இலக்கம் போடுங்கள். பேனை வேண்டாம், மை ஊறும், அழுத்தினால் முன்பக்கம் தடமும் விழும்.

கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை இழுக்காதீர்கள். மேல்படை கண்ணாடியிலேயே நின்றுவிடும். கண்ணாடிக்கு மேலாலேயே ஸ்கான் பண்ணலாம். லமினேட், செலோரேப், ஈரத்துணி மூன்றும் கூடாது. ஸ்கான் 600 டிபிஐக்குக் (அங்குலத்துக்கு 600 புள்ளி) குறையாமல், பின்பக்கத்தையும் சேர்த்து. வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டொக்கியுமெண்டாக அனுப்புங்கள், சாதாரணமாகப் போட்டால் அது படத்தைச் சுருக்கிவிடும்.

அடுத்தது ஆண்டு. பின்பக்கத்தில் ஸ்ரூடியோ முத்திரையோடு திகதி இருந்தால் அதுதான் படம் எடுத்த நாள் என்று எழுதிவிடுகிறோம், பழைய படத்தைக் கொடுத்துப் பிரதி எடுப்பித்த நாளாகவும் அது இருக்கலாம். படத்துக்குள்ளே பாருங்கள். பெயர்ப்பலகையில் ‘கிளிநொச்சி மாவட்டம்’ என்றிருந்தால் 1984க்கு முந்தியதாக இருக்காது, அதுவரை அது யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது. கிளிநொச்சி ஸ்டேசனில் ரயில் நின்றால் 1990க்கு முன், இல்லாவிட்டால் 2013க்குப் பின். வாகன இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்து இருந்தால் 1950களின் பிற்பகுதிக்கு முன் போகாது. இப்படி இரண்டு பக்கமும் வேலி போட்டால் போதும், ஒரே ஆண்டைச் சொல்லியே ஆகவேண்டும் என்று யார் கேட்டார்கள்?

என் கணக்கில் இதைவிடப் பெரிய பிழை, பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்பது. குளக்கட்டில் ஐந்தாறு பேர் நிற்கும் ஒரு படத்தை அந்த உறவுக்கார வீட்டு ஆச்சியிடம் காட்டி, “ஆச்சி, இது இரணைமடுதானே?” என்றேன். “ஓம் தம்பி, இரணைமடுதான்.” எழுதியும் வைத்துவிட்டேன். அடுத்த கிழமை அதே படத்தைப் பேசாமல் மடியில் வைத்தபோது, வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது எங்கட குளமெல்லோ, துலுசு கட்டேக்க எடுத்தது” என்று தொடங்கினார். துலுசு என்றால் குளத்து மதகு. முதல் தடவை எனக்காகத் தலையாட்டியிருக்கிறார். குளக்கட்டு என்றாலே கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடு என்று எழுதும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. வன்னியில் எத்தனை குளம்!

முகநூலில் உடனே போட்டு ‘யாரென்று தெரிகிறதா’ என்று கேட்பதையும் விடுங்கள். படத்தில் இருப்பவர் காணாமற்போனவராக இருக்கலாம், அவருடைய தாய்க்கு அவரைக் காட்ட வேறு படமே இல்லாமல் இருக்கலாம். அந்தத் தாய் அதை ஊரார் கொமெண்டுகளுக்கு நடுவில் முதன்முதலாகப் பார்க்க வேண்டுமா? முதலில் வீட்டைத் தேடிப் போய் ஒரு பிரதி கொடுங்கள். அவர்கள் சம்மதித்தால் இலங்கைத் தமிழர் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் நூலகம் நிறுவனம் போன்றவர்களிடம் கேட்கலாம்.

அப்புறம் ஓரத்தை வெட்டாதீர்கள், கணினியில்கூட. ஆச்சிக்கு அந்தக் கட்டிலிருந்து அவருடைய கலியாணப் படத்தைத் துப்புரவாக்கி, முகம் பெரிதாகத் தெரியும்படி பிரேம் போட்டுக் கொடுத்தேன். வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். “கிணத்தடியைக் காணேல்லையே? துலா நிண்டதே, ஐயா வெட்டின கிணறு.” முழுப் படத்தையும் மறுபடி பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். அது இப்போது சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.