குதவழி ஸ்கேனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ வரும் நோயாளி, "ஸ்கேன் எடுத்தாச்சு டொக்டர், ஒண்டுமில்லையாம்" என்று நீட்டும் தாள் பல வேளைகளில் வயிற்று ஸ்கேன் அறிக்கையாகவே இருக்கிறது. குதத்தைச் சுற்றியிருந்து மலத்தை அடக்கும் இறுக்கித் தசைகளையும், பவுத்திரத்தின் (குதவழியின் உட்புறத்திலிருந்து வெளித்தோல்வரை செல்லும் சீழ்வழியின்) பாதையையும் வயிற்றின் மேலிருந்து காண இயலாது. ஏறக்குறைய விரல் தடிமனில், மீயொலியால் சுற்றிலும் 360 பாகைக்குப் படமெடுக்கும் கருவியைக் குதவழியினுள் செலுத்திப் பார்ப்பதே முறை.

அந்தக் கருவியும் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. மூலநோயைப் புரொக்டோஸ்கோப் என்னும் சிறு குழாயைக் குதவழியில் வைத்து நேரிலேயே பார்த்துவிடலாம். மலம் கழிக்கவே நடுங்கும் அளவுக்குக் குதவெடிப்பு வலிக்கும் ஒருவருக்குக் கருவியை நுழைப்பது, என் கணிப்பில், கொடுமை. சீழ்க்கட்டு வீங்கிக் காய்ச்சலும் கண்டிருந்தால், ஸ்கேனுக்கு நாள் குறித்துக் காத்திராமல் சீழை வெளியேற்ற வேண்டும்.

ஸ்கேன் மெய்யாகவே கைகொடுப்பது பவுத்திரத்தில். தடுமாற்றங்கள் மிகுவதும் அங்கேதான். பழைய சத்திரசிகிச்சையின் தழும்பும் இன்னும் சீழ் கசியும் பாதையும் திரையில் ஒரே கருமையாகத் தெரிவதால், தழும்பையே பாதையென எழுதிவிடுவது எளிது. வெளித்துவாரத்தினூடாக ஐதான ஐதரசன் பேரொட்சைட்டைச் சிறிதளவு மெல்லச் செலுத்தினால், திறந்துள்ள பாதை நுண்குமிழிகளால் வெண்கோடாக ஒளிரும். தழும்பு கருமையாகவே நிற்கும். அளவு மிஞ்சினாலோ குமிழிகள் குதவழிக்குள் வழிந்து, அவற்றின் நிழல் அப்பாலுள்ளதையெல்லாம் மறைத்துவிடும். ஆகையால் திரவம் செலுத்துமுன் ஒரு தடவை முழுமையாகப் பார்த்துவைப்பது அவசியம். மிக உயரே ஏறும் கிளைகளுக்கும், குரோன் (குடலில் நீடிக்கும் அழற்சி) நோயாளரின் சிக்கலான பவுத்திரத்துக்கும் எம்.ஆர்.ஐ. இன்றித் தீர்ப்புச் சொல்ல நான் துணிவதில்லை.

பெண்களில் வெளி இறுக்கித் தசை முன்புறத்தில் இயல்பாகவே குட்டையானது. குதவழியின் மேல்மட்டப் படம் ஒன்றில் முன்புறம் தசையைக் காணவில்லை என்பதற்காகப் பிரசவக் கிழிவு என்று எழுதலாகாது. மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களிலும், கருவி சாயாதிருக்கப் பார்க்க வேண்டும்.

அறிக்கையில் "பவுத்திரம் உண்டு" என்று மட்டும் எழுதுவது சத்திரசிகிச்சை வைத்தியருக்குப் பயன்படாது. அது அவருக்கு ஏற்கனவே தெரியும். குதவழியைக் கடிகார முகப்பாகப் பாவித்து, முன்புறத்தை 12 மணியாகக் கொண்டு, உட்துவாரம் எத்தனை மணித் திசையில் உள்ளது, பாதை எந்தத் தசையை எவ்வளவு உயரத்தில் ஊடறுக்கிறது என்று எழுதினால்தான், பாதையை வெட்டித் திறப்பதா அதனூடாக நூல் கோத்துக் கட்டுவதா என்பதை அவர் தீர்மானிக்க முடியும்.