உப்பரித்து உதிரும் பழைய வீட்டுச் சுவர்: சுண்ணாம்பிலேயே பூசிச் சரிசெய்யும் முறை

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, புதுச்சேரியின் தமிழர் பகுதி, காரைக்குடி என எந்தப் பழைய தெருவுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். திண்ணையை ஒட்டி முழங்கால் உயரத்துக்குக் காரை பெயர்ந்திருக்கும். அந்த இடத்தில் சிமெண்ட் பூசியிருப்பார்கள். இரண்டு மழைக்காலம் போனதும், சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேலே, இடுப்பு உயரத்தில் மறுபடி உதிர ஆரம்பித்திருக்கும்.

இது கொத்தனாரின் கைக்குறை அல்ல. பொருள் பொருந்தாததுதான் காரணம். அந்தக் காலத்து வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியவை. அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தைத் தடுக்கும் பட்டை பெரும்பாலும் கிடையாது. தரையின் ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் இருப்பதால் ஏறிய ஈரம் அதன் வழியே ஆவியாகிப் போய்விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெளியேற இடமில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். கூடவே வந்த உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி அதன் முகத்தை உடைக்கும். சிமெண்ட் பழைய செங்கல்லைவிடக் கெட்டி என்பதால், கழன்று விழும்போது செங்கல்லின் மேல்தோலையும் பிய்த்துக்கொண்டு வரும். திண்ணைச் சுவரில் ஒட்டும் டைல்ஸ், வால் புட்டி, ‘வாட்டர் ப்ரூஃப்’ பெயிண்ட் எல்லாம் செய்வது இதே கெடுதலைத்தான்.

முதலில் தண்ணீர் வரும் வழி

கரண்டியை எடுக்கும் முன் ஒரு மழை நாளில் வெளியே நின்று சுவரைப் பாருங்கள். மொட்டைமாடித் தண்ணீர் விழும் குழாய் சுவரோடு ஒட்டி வழிகிறதா? தாழ்வார ஓடு உடைந்திருக்கிறதா? கைப்பிடிச் சுவரின் தலையில் வெடிப்பு இருக்கிறதா? இவற்றைச் சரிசெய்யாமல் பூசினால் செலவு முழுக்க வீண்.

நம் ஊர்களில் பெரிய குற்றவாளி சாலைதான். பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது இறங்கிப் போகிறோம். தெருத் தண்ணீர் சுவரில் நிற்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவுறுத்தியது. சுரண்டும் இயந்திரம் வராமல் தார் லாரி வந்தால் அன்றே புகார் கொடுங்கள். சென்னையில் மாநகராட்சி எண் 1913. தார் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

சுவரை ஒட்டிக் கான்கிரீட் போட்டிருந்தால், உங்கள் எல்லைக்குள் இருக்கும் அளவுக்காவது ஓர் அடி அகலத்துக்கு உடைத்து எடுத்துவிட்டு ஜல்லியை நிரப்புங்கள். குழியின் அடிப்பகுதி வீட்டுப் பக்கம் சாயாமல், தண்ணீர் வடிகால் பக்கம் ஓடும்படி வாட்டம் இருக்கட்டும். ஈரம் மண்ணிலிருந்தே ஆவியாக அந்த இடைவெளி போதும்.

எதை உதிர்ப்பது, எதை விடுவது

சுத்தியலின் மரப்பிடியால் சுவர் முழுக்கத் தட்டுங்கள். கெட்டியாக ஒலிக்கும் பழைய காரையைத் தொடாதீர்கள். நீங்கள் புதிதாகப் பூசப்போவதைவிட அது வலுவாக இருக்கும். பொள்ளலாக ஒலிக்கும் இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக் குறித்து, அதை மட்டும் சின்ன உளியால் எடுங்கள். பிரேக்கர் இயந்திரம் கூடவே கூடாது. அந்த அதிர்வில் நல்ல சாந்தும் இளகிவிடும். சிமெண்ட் பூச்சை விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுக்க வேண்டும். செங்கல் இடுக்குகளில் மாவாகக் கொட்டும் சாந்தை 15 முதல் 20 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டிவிட்டு, தும்புத் துடைப்பத்தால் தூசி போகத் தட்டுங்கள்.

பிறகு உப்பு. வெள்ளையாகப் பூத்திருப்பதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். முதலில் உலர்ந்த தூரிகையால் தட்டிப் பெருக்கி அள்ளுங்கள். அடுத்து, எழுத்து அச்சாகாத வெறும் காகிதத்தை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, வெறும் செங்கல்லின் மேல் 2 சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பிவிடுங்கள். காயக் காய அது உப்பை உறிஞ்சிக்கொண்டு தானே விளிம்பு தூக்கும். உரித்துத் தூர எறிந்துவிட்டு இன்னும் இரண்டு முறை செய்யுங்கள். இந்த வேலையை விட்டுவிட்டுப் பூசிய சுவர்தான் மறு வருடமே பொரிகிறது.

சுண்ணாம்பும் கலவையும்

பாக்கெட்டில் வரும் தூள் சுண்ணாம்பு எவ்வளவு நாள் காற்றுப்பட்டுக் கிடந்தது என்று தெரியாது, காற்றுப்பட்டது பிடிக்காது. நீற்றாத கிளிஞ்சல் சுண்ணாம்போ கல் சுண்ணாம்போ வாங்கி நீங்களே நீற்றுவது நல்லது. தொட்டியில் முதலில் தண்ணீர், அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மாற்றிச் செய்தால் வெடித்துத் தெறிக்கும். அளவு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு தண்ணீர். அது கொதிக்கும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டே போகக்கூடாது, குழந்தைகளை அண்டவே விடக்கூடாது. கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். ஆறியதும் சல்லடையில் வடிகட்டி, மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடிவைத்து, குறைந்தது மூன்று வாரம் ஊற விடுங்கள். எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. ஊறாத குருணை கலவையில் தங்கினால், பூசிய பிறகு சுவரிலேயே நீறிச் சின்னச் சின்னக் கொப்புளமாக வெடிக்கும்.

ஓதம் ஏறும் கீழ்ப்பகுதிக்கு சுண்ணாம்பு 1, சுர்க்கி (செங்கல் பொடி) 1, மணல் 2. மேல் சுவருக்கு சுண்ணாம்பு 1, மணல் 3. சுர்க்கிக்கு மிதமாக வெந்த செங்கல்லின் பொடிதான் வேண்டும். அது ஈரத்திலும் சுண்ணாம்பை இறுக வைக்கும். கறுத்து வெந்த கல்லின் பொடியில் அந்தக் குணம் இல்லை. மணல் உப்பில்லாததாக, நரநரவென்று இருக்க வேண்டும். கடல் மணல் ஆகாது. கலவையில் தண்ணீர் அதிகம் விடாமல் மிதித்தோ இடித்தோ பதப்படுத்துங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பது நம்மூர் வழக்கம், அளவு ஊருக்கு ஊர் மாறும். வெல்லம் மிஞ்சினால் இறுகத் தாமதமாகும், எறும்பும் வரும். ஆகவே ஓரமாக ஒரு சதுர அடி பூசிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். “பிடிமானத்துக்குக் கொஞ்சம் சிமெண்ட் போடலாமா சார்?” என்று கொத்தனார் கேட்பார். கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பூசுவதும் காயவிடுவதும்

தை, மாசி, பங்குனி இதற்கு ஏற்ற மாதங்கள். கத்திரி வெயிலில் சுண்ணாம்பு இறுகும் முன்பே காய்ந்து பொடியாகும். ஐப்பசி, கார்த்திகையில் பூசினால் மழை அரித்துவிடும்.

முந்தின நாள் மாலையே சுவரை நனைத்து வையுங்கள். பூசும்போது ஈரப்பதம் இருக்க வேண்டும், தண்ணீர் வழியக்கூடாது. இடுக்குகளை அடைத்த பிறகு முதல் பூச்சு 10 மில்லிமீட்டர். அதற்கு மேல் ஒரே தடவையில் அப்பினால் வெடிக்கும். கரண்டி முனையால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு ஒரு வாரம் விடுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத நிலை வந்த பிறகு இரண்டாவது பூச்சு, 6 முதல் 8 மில்லிமீட்டர். கடைசியாக மெல்லிய மணலும் சுண்ணாம்பும் சம அளவில் கலந்து 2 மில்லிமீட்டர். இதை மணியாசுக் கட்டையால் (பூச்சைச் சமன்செய்யும் மரக்கட்டை) தேய்க்கும்போது தலைமயிர் அளவுக்கு வெடிப்புகள் தோன்றும். பதறாமல் மறுநாள் தண்ணீர் தெளித்து மறுபடி அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும்.

ஒவ்வொரு பூச்சும் பூசி முடித்ததும் அதை மறைத்தாற்போல் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, நாளைக்கு மூன்று முறை லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகுகிறது, அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடினால் காற்று போகாது.

நிறம்

மூன்று வாரம் கழித்துச் சுண்ணாம்பிலேயே வெள்ளையடியுங்கள். ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று அல்லது நான்கு பங்கு. அடித்தவுடன் ஒன்றுமே தெரியாது, காய்ந்த பிறகுதான் வெளுக்கும். தெரியவில்லையே என்று கெட்டியாக அடித்தால் பொருக்குத் தட்டி உதிரும். நாளுக்கு ஒன்றாக நான்கைந்து கை அடிக்க வேண்டும். நிறம் வேண்டுமானால் காவி, மஞ்சள் காவி போன்ற மண் நிறங்களைச் சேர்க்கலாம், சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது.

கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள். மேலே அறுந்து வேர் உள்ளேயே நின்று மறுபடி தழைக்கும். அந்த இடத்துச் செங்கல்லைக் கழற்றி வேரை முழுசாக எடுத்துவிட்டு, சுண்ணாம்புச் சாந்து வைத்துத் திரும்பக் கட்டுங்கள். கடைப் பலகை மாட்டுவதானால் செங்கல்லைத் துளைக்காமல் சாந்து இடுக்கில், துருப்பிடிக்காத எவர்சில்வர் போல்ட் போடுங்கள். இரும்பு துருப்பிடித்துப் பருத்தால் சுவர் வெடிக்கும். சென்னையில் வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால், முகப்பில் கைவைக்கும் முன் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் (சி.எம்.டி.ஏ.) கேட்டுவிடுங்கள்.

ஆவணி, புரட்டாசியில் மழைநீர்க் குழாய்களில் அடைந்த சருகை எடுத்துவிடுங்கள். தெருப்பக்கச் சுவருக்குப் பொங்கல்தோறும் ஒரு கை வெள்ளையடியுங்கள்.