‘ஆர்டர் பின்னால் வரும்’: நகராட்சி வேலைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் புதிதாகக் கம்பெனி பதிவு செய்துகொண்ட இளைஞர்கள், நகராட்சியின் கொட்டேஷன் படிவங்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. பெயின்ட், கூரைப் பழுது, சாக்கடை அடைப்பு, பந்தல், சாப்பாடு என்று தொழில்தான் வேறு வேறு. செய்கிற தவறுகள் என் தலைமுறை செய்த அதே தவறுகள். கையெழுத்து விடுபடுவது, டெண்டர் பெட்டியை மூடிய பிறகு மூச்சிரைக்கப் போய் நிற்பது, மத்திய சப்ளையர் பதிவேட்டில் பழைய வங்கிக் கணக்கையே விட்டுவைப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை அடி விழுந்தால் தானாகப் புத்தி வந்துவிடும்.

ஆர்டர் எண் இல்லாமல் வேலையைத் தொடுவது

இதற்கு மட்டும் ஒருமுறை அடி விழுந்தாலும் புத்தி வருவதில்லை. நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

நண்பரின் மருமகன் ஒருவன் ஒரு நகராட்சியின் சமூகக் கூடத்துக்கு உள்சுவர் பெயின்ட் அடிக்கப் போனான். ஆர்டர், அதாவது எண்ணிட்ட கொள்முதல் உத்தரவு, முறையாக வந்திருந்தது. மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் அவனைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் கழிப்பறைக் கூரையைக் காட்டினார். தகரம் துருப்பிடித்து, மழைநீர்க் குழாய் சுவரைவிட்டுக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை கவுன்சிலர் வருகிறார், இதையும் முடித்துக் கொடுத்துவிடு, ஆர்டர் அடுத்த வாரம் வந்துவிடும் என்றார். பையனுக்கு வாய்ப்பு கண்ணில் தெரிந்தது. கடனுக்குத் தகரம் வாங்கி, இரண்டு ஆட்களைக் கூடுதலாக வைத்து, வியாழக்கிழமை இரவு வரை நின்று முடித்தான். செலவு 40,000 ராண்டைத் தாண்டியது.

பெயின்ட் வேலைக்குப் பணம் வந்தது. கூரைக்கு வரவில்லை. மேற்பார்வையாளர் வேறு பிரிவுக்கு மாறிப்போனார். பையன் கையில் இருந்தவை அவர் அனுப்பிய ஒரு குரல் பதிவு, வேலை அட்டையில் அவர் கிறுக்கிய கையெழுத்து, தகரக் கடையின் பில். கொள்முதல் பிரிவில் இருந்த பெண்மணி மூன்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “ஆர்டர் எண் எங்கே?” என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

அந்தப் பெண்மணியைத் திட்டுவதில் பயனில்லை. அவர் நிலையை யோசித்துப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின்படி, கொள்முதல் விதிகளை மீறிய செலவு ‘ஒழுங்கற்ற செலவு’. 32ஆம் பிரிவு, அதற்குக் காரணமானவரிடமிருந்து பணத்தை வசூலிக்கச் சொல்கிறது. நகராட்சி மன்றக் குழு விசாரித்து, வசூலிக்க முடியாது என்று மன்றம் சான்றளித்துத் தள்ளுபடி செய்தால்தான் விடுதலை. உங்கள் கூரைக்காக எந்த எழுத்தர் தன் சம்பளத்தைப் பணயம் வைப்பார்? 30 நாளில் பணம் தரவேண்டும் என்று 65ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் ஆர்டர் எண் இல்லாத இன்வாய்ஸ் கணக்குக்குள்ளேயே ஏறாது. ஏறாத இன்வாய்ஸுக்கு 30 நாள் எங்கிருந்து எண்ணுவது?

‘அவசரம்’ என்ற சொல்லுக்கும் மயங்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது பாதி குவாசுலு-நடாலே அவசரமாகத்தான் இருந்தது. அவசரத்தில் வழக்கமான முறையை விட்டு விலக, அந்தச் சட்டத்தின் கீழ் வந்த கொள்முதல் விதிகளில் 36ஆம் விதி இடம் தருகிறது. ஆனால் அந்த அதிகாரம் நகராட்சி மேலாளருடையது. காரணத்தை அவர் பதிவு செய்து மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சேற்றில் நின்றுகொண்டு கைகாட்டும் மேற்பார்வையாளருக்கு அந்த அதிகாரம் கிடையாது. கவுன்சிலருக்கும் கிடையாது.

ஏற்கெனவே ஒப்பந்தம் இருக்கிறதே, கொஞ்சம் கூடுதலாகச் செய்தால் என்ன என்பார்கள். கட்டுமானத்தில் 20 சதவீதம் அல்லது 2 கோடி ராண்ட், மற்றவற்றில் 15 சதவீதம் அல்லது 1.5 கோடி ராண்ட் என்ற வரம்புக்குள் ஒப்பந்தத்தை விரிவாக்கத் தேசியக் கருவூலத்தின் 62ஆம் சுற்றறிக்கை வழிவிடுகிறது. அதைத் தாண்டினால் நகராட்சி நிதிச் சட்டத்தின் 116ஆம் பிரிவின்படி காரணத்தோடு மன்றத்தில் வைத்தாக வேண்டும். வரம்புக்குள் இருந்தாலும் ஒப்புதல் வேலைக்கு முன்னால் காகிதத்தில் வரவேண்டும்.

முகத்தை முறிக்காமல் மறுக்க ஒரு வழி இருக்கிறது. அன்று மாலையே ஒரு மின்னஞ்சல்: “இன்று காட்டிய கூடுதல் வேலைக்கான கொட்டேஷன் இணைத்துள்ளேன். ஆர்டர் எண் கிடைத்த மறுநாள் தொடங்குகிறேன்.” நல்ல அதிகாரி இதைப் பார்த்துக் கோபப்படமாட்டார். கோபப்படுகிறவரிடம் வேலை செய்யாமல் இருப்பதே லாபம். ஆர்டர் கைக்கு வந்ததும் வேலை விவரம், தொகை, தேதி மூன்றையும் பாருங்கள். முன்தேதி போட்டுத் தருகிறேன், இரண்டு சிறு பில்களாகப் பிரித்துக் கொடு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வரம்பைத் தவிர்ப்பதற்காக வேலையைத் துண்டு போடக் கூடாது என்று 12ஆம் விதியே சொல்கிறது. தணிக்கையாளர் முதலில் தேடுவதும் அதைத்தான்.

மருமகன் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறான். வழக்கு போடு என்றால், அடுத்த வேலை கிடைக்காமல் போய்விடுமே என்று பயப்படுகிறான். கடன் பாக்கிக்குப் பொதுவான காலவரம்பு மூன்று ஆண்டு என்பதை மட்டும் அவனுக்கு நினைவூட்டியிருக்கிறேன்.

ஆசிரியை மனைவியை இயக்குநர் ஆக்குவது

நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது. மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, பேருக்கு ஓர் இயக்குநராகப் போட்டுவைப்போம் என்பார்கள். மாகாணக் கல்வித்துறை ஊழியர் ‘அரசுப் பணியில் இருப்பவர்’. அவர் இயக்குநராகவோ முக்கியப் பங்குதாரராகவோ இருக்கும் கம்பெனிக்கு நகராட்சி வேலை தரக் கூடாது என்பது 44ஆம் விதி. செவிலியருக்கும் இதே கதைதான். அவர் கம்பெனியில் இல்லாமல் உங்கள் மனைவியாக மட்டும் இருந்தால் தடையில்லை. ஆனால் நலன் வெளிப்படுத்தும் படிவத்தில் எழுதியாக வேண்டும். மறைத்தால்தான் சிக்கல்.

தண்ணீர் பில் தகராறு

நகராட்சிக் கட்டணம் மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி இருந்தால் டெண்டர் தள்ளப்படும். கம்பெனியின் பாக்கி மட்டுமல்ல, எந்த இயக்குநரின் வீட்டுப் பாக்கியும் கணக்கில் வரும். எந்த நகராட்சியில் இருந்தாலும் வரும். அப்பா பெயரில் வீடு, கசிந்த குழாய்க்கு வந்த பில், யார் கட்டுவது என்று அண்ணன் தம்பிக்குள் வழக்கு, இதெல்லாம் மதிப்பீட்டுக் குழுவுக்குத் தெரியாது. தவணை ஒப்பந்தம் போட்டிருந்தால் நகலை டெண்டருடனேயே வையுங்கள்.

மூன்று கொட்டேஷனையும் ஒருவரே ஏற்பாடு செய்வது

போட்டிக்காக மூன்று கொட்டேஷன் கேட்டால், மூன்றும் சித்தப்பா கம்பெனி, மச்சான் கம்பெனி, உங்கள் கம்பெனி. இது சாமர்த்தியம் அல்ல, கூட்டுச் சதி.

அடிமாட்டு விலை போடுவது

டெண்டர்களை 100 புள்ளிக்கு மதிப்பிடுகிறார்கள். 5 கோடி ராண்ட் வரையிலான வேலைகளில் விலைக்கு 80 புள்ளி, பின்தங்கியோர் முன்னேற்றம் போன்ற குறிப்பிட்ட இலக்குகளுக்கு 20. மிகக் குறைந்த விலை 2,00,000 ராண்ட், உங்களுடையது 2,20,000 என்றால் நீங்கள் பெறுவது 72. அதாவது இழப்பு 8 புள்ளிதான். அதற்குப் பயந்து கூலிக்கே கட்டாத விலை போடுகிறவர்கள், பாதி வேலையில் ஓடிவிட்டு அடுத்தவனுக்கும் பெயரைக் கெடுக்கிறார்கள். இன்னொன்று: 2023 ஜனவரி 16 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, அந்த 20 எதற்கு என்பதை ஒவ்வொரு டெண்டரும் தானே சொல்லும். பிஇஇ (கறுப்பினத்தவர் பொருளாதார மேம்பாடு) பிரமாணப் பத்திரத்தை இணைத்துவிட்டாலே 20 வந்துவிடும் என்பது பழைய கணக்கு. எந்த இலக்குக்கு எந்தச் சான்று கேட்டிருக்கிறார்கள் என்று படித்து இணையுங்கள். சான்று இல்லையென்றால் அந்தப் புள்ளி கிடைக்காது.

ஆட்சேபத்தை வாயால் சொல்வது

தோற்றது அநியாயம் என்று தோன்றினால் முடிவுக்குப் பின் 14 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். போனில் கத்துவது கணக்கில் வராது.