பிஎல்எம் டெமோவுக்கு உங்கள் டிராயிங்கைக் கொடுங்கள்

ஒரு பொருளின் டிராயிங், பாகப் பட்டியல், டிசைன் மாற்றங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிர்வகிப்பது பிஎல்எம் மென்பொருள். அதன் தேர்வை டிசைன், ஐடி பிரிவுகளிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். டீம்சென்டரோ விண்ட்சில்லோ, எந்த பிஎல்எம் மென்பொருளானாலும் டெமோவில் எல்லாம் அழகாகத்தான் ஓடும். ஏனென்றால் அதில் ஓடுவது விற்பவரின் டேட்டா.

உங்கள் தொழிற்சாலையில் நிஜமாக நடந்த ஒரு டிசைன் மாற்றத்தை எடுங்கள். பிராக்கெட்டின் துளை 8 மில்லிமீட்டரிலிருந்து 10 ஆனது என்று வைப்போம். பர்ச்சேஸ் ஏற்கெனவே போட்ட ஆர்டர், ஸ்டோர்ஸில் கிடக்கும் பழைய சரக்கு, குவாலிட்டி துளையின் அளவைச் சோதிக்கும் பிளக் கேஜ், மெஷினில் ஓடும் புரோகிராம் என்று எல்லாவற்றையும் அது தொடும். பார்ட் நம்பர் அதேதான், ரிவிஷன் மாற்றினால் போதும் என்று டிசைன் சொல்லும். பழையதற்குப் பதில் புதியதைப் பொருத்த முடியாதே, புது பார்ட் நம்பர் வேண்டும் என்று ஸ்டோர்ஸ் மல்லுக்கு நிற்கும். அந்தச் சண்டை வாங்குவதற்கு முன்பே நடக்கட்டும், நல்லதுதான்.

அதே மாற்றத்தை ஒவ்வொரு விற்பனையாளரின் மென்பொருளிலும் செய்து பாருங்கள். மவுஸ் அந்தந்தத் துறை ஆளின் கையில் இருக்க வேண்டும், மேனேஜர் கையில் அல்ல.

அப்புறம், மாறிய பாகப் பட்டியல், கொள்முதலையும் ஸ்டாக்கையும் கணக்கையும் பார்க்கும் ஈஆர்பி மென்பொருளுக்கு எப்படிப் போகிறது என்று கேளுங்கள். ‘பிறகு கஸ்டமைஸ் செய்துகொள்ளலாம்’ என்றால், அந்தச் செலவையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.